தனலட்சுமிக்கு அடுத்து வந்த டியூப்

பத்தேகால் மணி ஃபோன்

எங்கள் ஆபீஸ் விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில் ஒரு பேட்டரி கடைக்கு மாடியில் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். லேப், ஸ்கேன் சென்டர், கிளினிக் மாதிரி இடங்களுக்கு லேபிள் அச்சடிக்கும் பெட்டி ஒன்று செய்து கொடுக்கிறோம். நோயாளியின் பெயரை அடித்தால் பெயரும் எண்ணும் பார்கோடும் போட்ட சின்ன ஸ்டிக்கர் வெளியே வரும். ரத்தம் எடுத்த டியூபில் அதை ஒட்டுவார்கள். பரிசோதிக்கிற மெஷின் பெயரைப் படிக்காது. பார்கோடில் இருக்கும் எண்ணை மட்டும்தான் படிக்கும். புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அன்று காலை பத்தேகாலுக்குத் திண்டிவனத்திலிருந்து ஃபோன். அங்கே லேப் நடத்துகிற ராஜவேலு சார். எங்கள் முதலாளி பாஸ்கர் சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா பெட்டி சார் குடுத்துக்கினு இருக்கீங்க? சுகரே இல்லாத அம்மாவுக்கு முந்நூத்தி நாப்பதுன்னு ரிப்போர்ட் போயிருக்கு. அவங்க பையன் கவுண்டர்ல நின்னு கத்திக்கினு இருக்கான். டாக்டர் சந்தேகப்பட்டு திரும்பப் பாக்கச் சொன்னதால ஆச்சு. இல்லன்னா ஊசி போட்டிருப்பாங்க. ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவ. ஜல்தி யாரையாவது அனுப்புங்க."

நடந்தது இதுதான். தனலட்சுமி என்கிற அந்த அம்மாவின் டியூபிலும், அவருக்கு அடுத்து வந்த செல்வம் என்பவரின் டியூபிலும் ஒரே எண் அச்சாகியிருந்தது. மெஷின் இரண்டையும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டது. பின்னால் போன டியூபின் ரிசல்ட் முன்னால் போனவரின் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது.

பாஸ்கர் சார் ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தமிழ் பார்ட் உன்னுதுதானே? போய்ப் பாத்துட்டு வா. நம்ம லைப்ரரில தப்பு ஒண்ணும் இருக்கக்கூடாது."

இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை. இருக்கக்கூடாது என்று சொன்னார். நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமைத்தான் லைப்ரரி என்போம். அதை முதலில் சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் பாஸ்கர் சார். இங்கிலீஷ் மட்டும் அச்சாகும். அதில் தமிழைச் சேர்த்தது நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கப் போவார். "எம் பையன் மெஷின்ல தமிழு வர வச்சிட்டான்" என்று அப்பா வெட்டுக்குப் போகிற கரும்புக் கொல்லையிலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த கம்ப்யூட்டர் கோடில் தப்பு என்று யாராவது வாயெடுத்தாலே எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எப்படிப்பட்ட ஆள் அன்றைக்குத் திண்டிவனத்தில் போய் இறங்கினான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

யூசர் சைடு இஷ்யூ

நான் போனபோது கவுண்டரில் கத்திக்கொண்டிருந்த அந்தப் பையன் போய்விட்டிருந்தான். கவுண்டருக்குப் பின்னால் ராஜவேலு சார், ரத்தம் எடுக்கிற இரண்டு டெக்னீஷியன்கள், மத்தியான ஷிஃப்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்ட ஒரு பெண், எல்லோரும் நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் சுமதி அக்கா. காலை ஷிஃப்டில் பெயர் பதிகிறவர் அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர். பெட்டி மாட்டப் போன நாளிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"மூணு தடவையும் இவங்க ஷிஃப்டுதான் தம்பி" என்றார் ராஜவேலு சார். "மத்தியானம் இருக்கிற பொண்ணுக்கு ஒரு தடவகூட ஆனதில்ல. நீயே சொல்லு."

"சார், நான் நம்பரத் தொடவே இல்ல சார்" என்றார் சுமதி அக்கா. "பேரு அடிக்கிறேன், ஊரு அடிக்கிறேன், என்டர் தட்டறேன். அவ்ளோதான்."

"ஊரா? எந்த ஊரு?" என்று நான் கேட்டேன்.

எங்கள் திரையில் பெயருக்குப் பக்கத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. லேபின் எந்தக் கிளையில் ரத்தம் எடுத்தார்கள் என்று குறிப்பதற்கு. திண்டிவனத்துக்கு டி.எம்.வி. என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து போட்டால் போதும். மத்தியான ஷிஃப்ட் பெண் அதைத்தான் போடுவார், இல்லையென்றால் காலியாக விடுவார்.

"காலையில மூணு செல்வி வருது தம்பி" என்றார் சுமதி அக்கா. "வல்லத்து செல்வி, ஓமந்தூர் செல்வி, உள்ளூர் செல்வி ஒண்ணு. எல்லாம் வெறும் வயித்துல வந்து வரிசையா உக்காந்துகினு இருப்பாங்க. வெறும் செல்வின்னு ஒட்டினா எந்த செல்வி ரத்தம்னு யாருக்குத் தெரியும்? அதான் பேரோட ஊரையும் சேத்து அடிச்சிடறது."

"அக்கா, அது ஊர் போடற எடம் இல்ல. டி.எம்.வி.ன்னு போடணும்."

"தமிழ்ல அடிச்சா அழகா வருதே தம்பி."

"வரும். ஆனா போடக்கூடாது."

"போடக்கூடாதுன்னா உன் பெட்டி ஏன் வாங்கிக்குது?"

டெக்னீஷியன்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. அக்கா கேட்டது எப்படிப்பட்ட கேள்வி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் சோதித்துக் காட்டினேன். பெயர் செல்வி, இடம் வல்லம். அடுத்து செல்வம். ஸ்டிக்கர் வந்தது. எண்கள் வரிசையாக, சரியாக இருந்தன. இன்னொரு தடவையும் அதையே அடித்தேன். மறுபடியும் சரி. வேறு பெயர் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது என்று சொன்னால் அது இன்னும் உண்மையாக இருக்கும்.

பிறகு ராஜவேலு சாரைப் பார்த்துச் சொன்னேன். "லைப்ரரி இஸ் ஃபைன் சார். இட்ஸ் எ யூசர் சைடு இஷ்யூ. நம்பர் ஃபீல்டு இஸ் எடிட்டபிள்."

தமிழில் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் இருந்த ஐந்து பேருக்கும் தமிழ்தான் பேச்சு. ஆனால் தமிழில் சொன்னால் சுமதி அக்கா பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்னா சார் சொல்றாரு?"

"பெட்டி கரெக்டா இருக்குதாம்மா. நம்பர கையால மாத்த முடியுமாம். நீதான் மாத்தியிருக்கே" என்றார் ராஜவேலு சார்.

எங்கள் அப்பாவை ஆபீசுகளில் இப்படித்தான் வாயடைப்பார்கள். ஏதாவது இங்கிலீஷில் இரண்டு வார்த்தை தங்களுக்குள் பேசிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி, "போய்யா, அடுத்த வாரம் வா" என்பார்கள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருவதைச் சின்ன வயதில் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதே முகத்தை அன்றைக்கு சுமதி அக்காவிடம் பார்த்தேன். பார்த்துவிட்டு, எப்போது எந்தக் கட்டத்தில் என்ன அடித்தார்கள் என்று பெட்டி பதிந்து வைக்கிற லாக் ஃபைலை பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு விழுப்புரம் வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து சுமதி அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பாஸ்கர் சார் சொன்னார். "பாவம்தான்" என்றார். நானும் "பாவம்தான் சார்" என்றேன். அதற்கப்புறம் அந்த லேபில் ஒரே எண் இரண்டு தடவை வரவே இல்லை. அவர் போனதும் தப்பும் போய்விட்டது. அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

பெருக்காமல் விட்ட வரி

ஆறு வாரம் போனது. விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில், அனுப்பி வைக்கிற டாக்டர் பெயரும் தமிழில் வேண்டும் என்றார்கள். அதற்காக லைப்ரரியை மறுபடி திறந்தேன். திறக்கும்போதே ஒரு சோதனைக் கோடு எழுதிச் சேர்த்தேன். மெமரியில் நாம் வாங்குகிற ஒவ்வொரு அறைக்கும் பின்னால் ஒரு காவல் எண்ணை வைத்துவிட வேண்டும். யாராவது அறையைத் தாண்டி எழுதினால் அந்த எண் கலையும், கோடு உடனே நின்று கத்தும்.

சோதிப்பதற்குப் பெயர்கள் வேண்டுமே. என் பிளஸ் டூ வகுப்புப் பெயர்களை ஞாபகத்திலிருந்து அடித்தேன். ஊர்களுக்கு, நான் போய் வந்த பஸ் ரூட்டில் இருந்த ஊர்களை அடித்தேன். ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு ஊரோடு சேர்த்து ஓடவிட்டேன். வல்லம் கடந்தது. ஓமந்தூர் கடந்தது. தனலட்சுமியும் மேல்சித்தாமூரும் சேர்ந்த இடத்தில் நின்றுவிட்டது.

முதலில் காவல் கோடில்தான் தப்பு என்று நினைத்தேன். பார்த்தீர்களா, அப்போதும் அப்படித்தான். காவல் கோடை நாலு தடவை படித்தேன். அதில் தப்பில்லை. பிறகுதான் மெமரி கேட்கிற என்னுடைய வரிக்குப் போனேன்.

ஒரு சொல்லை வைக்க எத்தனை பைட் வேண்டுமோ அத்தனையைக் கேட்டு வாங்கி அதற்குள் எழுத வேண்டும். குறைவாகக் கேட்டுவிட்டு நிறைய எழுதினால் சி மொழி தடுக்காது. மிச்சம் பக்கத்து அறைக்குள் போய் விழும். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'மே' என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ம ஒன்று, கொம்பு ஒன்று, ஆக ஆறு பைட். மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூட மூன்று.

பாஸ்கர் சாரின் பழைய வரி, பெயரின் நீளத்தையும் இடத்தின் நீளத்தையும் கூட்டி, நடுவில் இடைவெளிக்கு ஒன்று, முடிவுக் குறிக்கு ஒன்று சேர்த்துக் கேட்கும். நான் தமிழைச் சேர்த்தபோது பெயரின் நீளத்தை மூன்றால் பெருக்கினேன். இடத்தின் நீளத்தை அப்படியே விட்டுவிட்டேன். அங்கே மூன்று இங்கிலீஷ் எழுத்தைத் தவிர வேறு எதுவும் வராது என்று என் மண்டையில் இருந்தது. வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை, வராமல் தடுக்கவும் இல்லை.

கணக்கு இதுதான். தனலட்சுமிக்கு இருபத்தேழு பைட். மேல்சித்தாமூருக்கு நாற்பத்திரண்டு. இடைவெளியும் முடிவுக் குறியும் சேர்த்து எழுபத்தொன்று தேவை. என் வரி கேட்டது நாற்பத்து மூன்று. எங்கள் லைப்ரரி மெமரியை அறுபத்து நாலு பைட் அறைகளாகத்தான் கொடுக்கும் என்பதால் ஒரு அறை கிடைத்தது. எழுபத்தொன்றில் அறுபத்து நாலு போக ஏழு பைட் வெளியே. அதாவது கடைசி 'ர்' என்ற எழுத்தும் முடிவுக் குறியும். செல்வி, வல்லம் என்றால் மொத்தமே முப்பத்தெட்டு. அறைக்குள் அடங்கிவிடும். ராஜவேலு சார் முன்னால் நான் கம்பீரமாகச் செய்து காட்டிய சோதனை அவ்வளவுதான்.

அந்த ஏழு பைட் எங்கே விழுந்தது? காலையில் பத்துப் பேர் சேர்ந்து வந்தால் பெயர்களை மொத்தமாக அடித்துவிட்டு அச்சுக்கு அனுப்புவார்கள். வரிசையில் அடுத்தவருடைய எண் பக்கத்து அறையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் விழுந்தது.

எண் கெட்டுப்போனால் பெட்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதற்கும் நான்தான் காரணம். எண்ணைப் படிக்க முடியாவிட்டால் முந்தைய எண்ணையே எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பிரிண்டர் நடுவில் நின்றால் கஸ்டமர் திட்டுவார் என்ற பயத்தில் எழுதியது. தனலட்சுமிக்கு அடுத்து வந்த டியூபில் தனலட்சுமியின் எண் ஏறியது இப்படித்தான்.

ஆறு வாரமாகத் திறக்காத பென் டிரைவை அப்போதுதான் மாட்டினேன். லாக் ஃபைலில் மூன்று தேதிகளையும் தேடினேன். மூன்று நாளும் நீளமான பெயர், நீளமான ஊர். எண் கட்டத்தை யாரும் தொட்டதாக ஒரு பதிவு கிடையாது. சுமதி அக்கா சொன்னது வரிக்கு வரி அதில் இருந்தது. நான் அன்றே படித்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

டீ

கோடைத் திருத்தினேன். மூன்றால் பெருக்குகிற வேலையையே எடுத்துவிட்டு, இரண்டு கட்டத்துக்கும் உண்மையில் எத்தனை பைட் இருக்கிறது என்று அளந்து கேட்கும்படி மாற்றினேன். முந்தைய எண்ணை எடுக்கிற வரியை அழித்தேன். எண் கெட்டால் இனி பெட்டி நிற்கும், திரையில் சிவப்பாகச் சொல்லும்.

பாஸ்கர் சாரிடம் காட்டினேன். அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபிக்ஸ் ஆயிடுச்சில்ல?"

"ஆயிடுச்சு சார். ஆனா அந்த லேப்ல அந்த அக்காவ..."

"தெரியும்டா. இப்ப போய்ச் சொன்னா என்னா ஆவும்? நம்ம பெட்டி இருக்கிற எல்லா எடத்துலயும் கேள்வி வரும். வெர்ஷன் அப்டேட்டுன்னு சொல்லி எல்லா எடத்துலயும் மாத்திட்டு வந்துடு. நோண்டிக்கினு இருக்காத."

அவர் சொன்னதால்தான் சும்மா இருந்தேன் என்று எழுதத் தோன்றுகிறது. அது பொய். அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

தப்பைக் கண்டுபிடித்த நாலாவது நாள் திண்டிவனம் லேபுக்குப் போய்ப் புது வெர்ஷனைப் போட்டேன். ராஜவேலு சார் நல்ல மூடில் இருந்தார். எனக்கு டீ வரவழைத்தார்.

"அந்த சுமதி போனதுலேர்ந்து ஒரு பேஜாரும் இல்ல தம்பி. நல்ல வேள, நீ வந்து கண்டுபுடிச்ச. இல்லன்னா இன்னும் எத்தினி பேருக்கு மாறிப் போயிருக்குமோ."

வாயைத் திறக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் தலையை ஆட்டினேன். டீயைக் குடித்தேன். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் கேவலமாக இருப்பது பெருக்காமல் விட்ட வரி இல்லை. அது தெரியாமல் செய்தது. அந்தத் தலையாட்டல் தெரிந்து செய்தது.

ஜெராக்ஸ் கடை

தப்பு தெரிந்த பதினோராவது நாள் திண்டிவனத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி மாட்டப் போயிருந்தேன். டெலிவரி தாளுக்கு நகல் வேண்டும் என்றார்கள். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் நுழைந்தால் மெஷினுக்குப் பின்னால் சுமதி அக்கா.

எனக்கு முன்னால் ஒருவர் பத்திரம் நகல் எடுக்க நின்றிருந்தார். அக்கா பக்கங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணினார். "எம்மா, இன்னா பாஸ்போர்ட்டா குடுக்கிற? ஜல்தி குடும்மா, பஸ்ஸு போயிடும்" என்றார் அந்த ஆள். அக்கா எண்ணி முடித்துத்தான் கொடுத்தார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"வா தம்பி. பெட்டி எல்லாம் நல்லா ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"என்னால உனக்கும் அலைச்சல்" என்று தாளை வாங்கிக்கொண்டார். "நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன் தம்பி, எந்த எடத்துல நம்பர மாத்தினேன்னு. ஞாபகமே வரல. ஆனா நீ படிச்சவன், பாத்துதானே சொல்லியிருப்ப. நான்தான் கை தவறி எங்கியோ தட்டியிருப்பேன். அந்தம்மாவுக்கு ஊசி போட்டிருந்தா என்னா ஆயிருக்கும்னு நெனச்சா சோறு எறங்கல. இப்ப பாரு, அஞ்சு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கிறதுக்குக்கூட மூணு தடவ எண்றேன். என் கையையே நம்ப முடியல."

வேலை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நகலை வாங்கிக்கொண்டு நாலு அடி நடந்தேன். திரும்பி வந்தேன். கடையில் வேறு ஆள் யாருமில்லை.

"அக்கா, நீங்க மாத்தல."

"என்னாது?"

"நம்பர நீங்க மாத்தல. என் கோடுதான் தப்பு. நீங்க ஊர் பேரு அடிச்சீங்கல்ல, அதுக்கு எடம் பத்தல. நான் கம்மியா எடம் விட்டிருந்தேன். அது வழிஞ்சு அடுத்தவங்க நம்பர் மேல விழுந்துடுச்சு. நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க."

அவர் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"பதினோரு நாளாச்சுக்கா."

"பதினோரு நாளு" என்றார். அப்புறம் அழுதார். சத்தமில்லாமல், புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே. "மன்னிச்சுடுங்கக்கா" என்று நான் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்றது இருக்கட்டும்" என்றார். "அன்னிக்கு எங்க வச்சு சொன்ன? யார் யார் முன்னால சொன்ன?"

"லேப்ல."

"அங்க வச்சு சொல்லு. அவங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லு. நானும் வருவேன். தமிழ்ல சொல்லணும்."

மூன்று எண் அடித்தது

கடைக்கு வெளியே வந்து பாஸ்கர் சாருக்கு ஃபோன் போட்டேன். சொல்லப் போகிறேன் என்றேன். திட்டினார். கஸ்டமர் போனால் நீதான் காரணம் என்றார். பிறகு, "அங்க போய் கெஞ்சிக்கினு நிக்காத. என்னா நடந்துச்சோ அத அப்படியே சொல்லு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்குப் போனேன். பழைய வெர்ஷன் இருக்கிற ஒரு பெட்டியைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள். சுமதி அக்கா உள்ளே வராமல் கவுண்டருக்கு வெளியே, நோயாளிகள் நிற்கிற பக்கம் நின்றார்.

"சார், அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். ராஜவேலு சாருக்குப் பாதிதான் புரிந்தது. செய்து காட்டுகிறேன் என்று பெட்டியை மாட்டினேன்.

"அக்கா, நீங்களே அடிங்க" என்றேன்.

"நான் தொட மாட்டேன்" என்றார் அவர். "அந்தப் பொண்ணையே அடிக்கச் சொல்லு."

மத்தியான ஷிஃப்ட் பெண் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். தனலட்சுமி, மேல்சித்தாமூர். அடுத்து செல்வம். அதற்கடுத்து செல்வி. என்டர் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்டிக்கர் வந்தது. பதினேழு. பதினேழு. பத்தொன்பது.

"இன்னொரு தடவ" என்றார் ராஜவேலு சார். மறுபடி அடித்தார்கள். இருபது, இருபது, இருபத்திரண்டு.

முன்பு சிரித்த டெக்னீஷியன் ஸ்டிக்கரைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ராஜவேலு சார் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அன்னிக்கு இங்கிலீஷ்ல ஒண்ணு சொன்னியே, அது என்னாது?"

"பொய் சார்" என்றேன்.

"போன வாரம் வந்து டீ குடிச்சிட்டுப் போனியே, அப்பத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"பெட்டிய கழட்டிக்கினு போயிடு. ரெண்டையும். எனக்கு வேணாம்."

கழற்றினேன். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் கவுண்டர் பக்கம் போய், "சுமதி, திங்கக்கெழமலேர்ந்து வந்துடும்மா. நான் பண்ணதும் தப்புதான். விசாரிச்சிருக்கணும்" என்றார்.

"இல்ல சார்" என்றார் அக்கா. "உங்க மேல கோவம் இல்ல. அந்த நாற்காலில இனிமே உக்கார முடியாது. இவரு இப்ப சொன்னத ஒரு பேப்பர்ல எழுதி, நீங்களும் கையெழுத்து போட்டுக் குடுங்க. வேற எடத்துல கேட்டா காட்டணும்."

ஒரு வெள்ளைத் தாளில் நான் தமிழில் எழுதினேன். எண்கள் மாறியதற்கு நான் எழுதிய மென்பொருளே காரணம், பதிவு செய்தவரிடம் எந்தத் தவறும் இல்லை, நான் சரியாகச் சோதிக்காமல் அவர் மேல் பழி சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராஜவேலு சார் கீழே போட்டார். அக்கா அதை நிதானமாகப் படித்தார். பதினேழு என்று போட்டிருந்த இரண்டு ஸ்டிக்கர்களையும் கேட்டு வாங்கி, தாளின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். "வரேன் சார்" என்று ராஜவேலு சாரிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவர் வேறொரு ஆஸ்பத்திரியில் பதிவு வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தாளைக் காட்டித்தான் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

பாஸ்கர் சார் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. நான் பஸ்ஸில் திரும்பி வருவதற்குள், எங்கள் பெட்டி இருக்கிற மற்ற எல்லா இடங்களுக்கும் அவரே ஃபோன் பண்ணி, எண் மாறியிருக்க வாய்ப்புண்டு, பழைய ரிப்போர்ட்டுகளைச் சரி பாருங்கள் என்று சொல்லியிருந்தார். அவர்களில் ஒரு கஸ்டமர் எங்களை விட்டுப் போனார். இதை எழுதச் சொன்னதும் பாஸ்கர் சார்தான். "கோடுல இருந்த தப்பப் பத்தி மட்டும் எழுதாத, எல்லாத்தையும் எழுது" என்றார்.

கோடு சம்பந்தமாக நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது சுலபம். எழுத்தை எண்ணாதீர்கள், பைட்டை அளந்து கேளுங்கள். தப்பு வந்தால் மூடி மறைக்கிற வரி எழுதாதீர்கள், பெட்டி நிற்கட்டும். சோதித்துக் காட்டும்போது உங்களுக்குச் சாதகமான பெயரை அடிக்காதீர்கள்.

இன்னொன்று உண்டு. அது எந்த கோர்ஸிலும் வராது. ஒரு தப்பு ஒருத்தர் ஷிஃப்டில் மட்டும் வருகிறது என்றால், அவர் மட்டும் என்ன தப்பாகச் செய்கிறார் என்று உடனே கேட்கத் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. அவர் மட்டும் என்ன சரியாகச் செய்கிறார் என்று கேளுங்கள். மூன்று செல்விகளையும் தனித்தனியாகப் பார்த்த ஒரே ஆள் அந்த லேபில் சுமதி அக்காதான். மற்றவர்கள் அவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்ளாததால்தான் என் கோடு அத்தனை நாள் தப்பித்தது.